ஊசி நன்று, அறிக்கை அரைகுறை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு தனியார் ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த பிறகு என் கை நரம்பு கண்ணில் படுவதே இல்லை. இரத்தம் எடுக்கும் பிள்ளை, "அன்ரி, எந்தப் பக்கம் ஒப்பரேஷன்?" என்று கேட்டு மற்றக் கையைப் பிடித்தார். சுடுநீர்ப் பையைச் சற்று நேரம் வைத்து, ஒரே குத்தில் முடித்துவிட்டார். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில் என்னோடு வரிசையில் நிற்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வில்லங்கம் அறிக்கையில்தான். எனக்கு வயது 47. கீமோவால் மாதவிடாய் நின்றது. இப்போது லெட்ரோசோல் குளிசை. என் வகைப் புற்றுநோய்க்குத் தீனியாகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன், கொழுப்பு போன்ற இடங்களில் உருவாவதை அது தடுக்கும். சூலகம் மறுபடி விழித்துக்கொண்டாலோ அதனிடம் இதன் பாச்சா பலிக்காது. அதனால்தான் ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமான எஸ்ட்ரடையோலின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொன்னார் டொக்டர்.

முன்பு வேறோர் இடத்தில் 70 என்று வந்தது, இங்கே 19. குறைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் அர்ச்சனை செய்யக் கோயிலுக்கே புறப்பட்டுவிட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் பார்த்தேன்: அது லீற்றருக்குப் பிகோமோல், இது மில்லிலீற்றருக்குப் பிகோகிராம். 19ஐ 3.67ஆல் பெருக்கினால் பழைய 70தான்.

அதையாவது மன்னிக்கலாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று அறிக்கையில் எங்குமே இல்லை. எதிர்ப்பொருளைக் கொண்டு ஹோர்மோனைப் பிடித்து அளக்கும் வழக்கமான இம்யூனோஅசே இயந்திரம், குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் பெண்களின் பெரிய அளவுகளுக்குப் போதும். லெட்ரோசோல் ஒழுங்காக வேலை செய்தால் அளவு மில்லிலீற்றருக்கு 1 பிகோகிராமுக்கும் கீழே இறங்கக்கூடும். அதை அந்த இயந்திரத்தில் பார்ப்பது மூட்டைத் தராசில் மூக்குத்தி நிறுப்பது. மூலக்கூறுகளைப் பிரித்து, அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் முறைதான் அதற்குச் சரி. மார்பகப் புற்றுநோய்க்கே கொடுக்கும் எக்ஸிமெஸ்டேன் குளிசையும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியும் அமைப்பில் எஸ்ட்ரடையோலை ஒத்தவை. இம்யூனோஅசே மருந்தையே ஹோர்மோன் என்று எண்ணிக் கூட்டிக் காட்டிவிடக்கூடும். முடி வளர என்று பலர் போடும் பயோட்டின் விற்றமினை நிறைய விழுங்கினாலும் சில இயந்திரங்களில் அளவு பொய்யாகக் கூடும். முடி கொட்டிய எங்களிடம் பயோட்டின் போடுகிறீர்களா என்று கேட்க வேண்டாமா? ஒருவரும் கேட்கவில்லை.

எல்சி-எம்எஸ் பற்றி விசாரித்தேன். முகப்பில் இருந்த தம்பி, "எல்லாம் ஒன்றுதான், அக்கா" என்றார். நல்லவேளை, உள்ளே இருந்த மூத்த தொழில்நுட்பவியலாளர் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து வந்து, இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் செய்விக்கிறோம், காசும் கூட, நாளும் கூட என்று பொறுமையாக விளக்கினார்.

சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்க இங்கே தாராளமாகப் போகலாம். எஸ்ட்ரடையோல் என்றால், காசு கட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.