கல்யாண சாப்பாடு மிஞ்சிருச்சா, இவங்களுக்கு போன் போடுங்க

போன மாசம் கோலாலம்பூர் செந்தூல்ல தங்கச்சி கல்யாணம், அடிச்ச மழையில பாதிப்பேரு வரல, பிரியாணி ரெண்டு அண்டா மூடிய தொறக்கவே இல்ல. கேட்டரிங் அண்ணன் "கொட்டிரலாம்லா, யாருக்காச்சும் வயித்த கலக்குனா நம்ம தலையில விடியும்"னாரு. மச்சான்தான், மலேசியாவுல 2020லயே உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, நம்ம கையவிட்டு போறப்ப சாப்பாடு நல்லா இருந்தா நம்ம மேல கேஸ் வராதுன்னு சொல்லி, மிச்ச சாப்பாடு எடுக்குற வாலண்டியர் குரூப் ஒண்ணுக்கு போன் போட்டாரு.

வந்த பொண்ணு மொதல்ல கேட்டதே எத்தன மணிக்கு சமைச்சதுன்னுதான். அண்டாக்குள்ள தெர்மாமீட்டர விட்டு 60 டிகிரிக்கு மேல இருக்கான்னு பாத்துட்டு ஒண்ண எடுத்துக்குச்சு, இன்னொண்ணு ஆறிப்போச்சுன்னு வேணாம்னுருச்சு. தயிர் பச்சடி, பஃபேல பரப்புனது எதையும் தொடல. பெரியம்மாவுக்கு செம கோவம், எனக்கு அதுதான் புடிச்சுது, ஏழைங்கதானேன்னு எதையாச்சும் தள்ளிவிடல பாருங்க.

கொற என்னன்னா வேன் 40 நிமிஷம் லேட்டு, டாப்பாவ் (பார்சல்) டப்பா கொண்டு வரல, பட்டுப்புடவையோட நாங்களே ஓடி வாங்குனோம். 4 ஸ்டார். காலையிலயே சொல்லி வைங்க, ராத்திரி 10 மணிக்கு கூப்டா இப்டிதான்.