எழுத்துருவும் லோகோவும் இரண்டு வருடம் படித்தேன்: மொரீஷியஸிலிருந்து என் அனுபவம்

எழுத்துரு, லோகோ வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்து மூன்றரை வருடம் ஆகிறது, அதை முடித்து ஒன்றரை வருடம். முடித்த கையோடு எழுதியிருந்தால் எல்லாவற்றையும் புகழ்ந்திருப்பேன், அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இப்போது அங்கே கற்றதை வைத்துக் கூலிக்கு வேலை செய்கிறேன். எது கைகொடுத்தது, எதை நானே தேடிக் கற்க வேண்டியிருந்தது என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. வீட்டுக்காரருக்கு இங்கே துணி ஆலையில் வேலை கிடைத்து 2013இல் வந்தோம், காத்ர் போர்ன் என்ற ஊரில் குடியிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் பக்கத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கோயில் நோட்டீஸ், வகுப்பு அட்டை, காவடி பேனர் எல்லாம் மெல்ல மெல்ல என் தலையில் வந்து சேர்ந்தன. ஒரு தைப்பூசத்துக்கு பத்தடி பேனர் ஒன்றுக்கு ஃபைல் தயார் செய்து அச்சுக்கடைக்கு அனுப்பினேன். வேலியில் கட்டியும் ஆயிற்று. இங்கே பெரும்பாலான தமிழர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, வீட்டில் பேசுவது இந்த நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல்தான், ஆகையால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வகுப்பில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை பேனருக்கு முன்னால் நின்று விரலால் காட்டி, "டீச்சர், கொம்பு ஏன் அந்தப் பக்கம் இருக்கு?" என்றாள். 'கொடியேற்றம்' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் சேர்ந்து அச்சாகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறவளே இப்படித் தொங்கவிட்டுவிட்டேனே என்று இருந்தது. அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கியது அதனால்தான்.

படிப்பு வாரத்தில் மூன்று மாலை, சனிக்கிழமை மதியம் ஒரு நீண்ட ஸ்டூடியோ வகுப்பு. குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு கிரியோலிலும் பிரெஞ்சிலும் நடக்கும். முதல் ஆறு வாரம் கணினியைத் தொடவே விடவில்லை. ஹெல்வெட்டிகா, கேரமண்ட், பொடோனி என்ற மூன்று ஆங்கில எழுத்துருக்களிலும் பெரிதாக அச்சடித்த எழுத்துகளின் மேல் ட்ரேசிங் தாளை வைத்து பென்சிலால் வரைய வேண்டும், தவறினால் மறுபடி. இதற்கா பணம் கட்டினோம் என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் திரும்பிப் பார்த்தால், மொத்தப் படிப்பிலும் எனக்கு அதிகம் உதவியது இந்த ஆறு வாரம்தான். ஆங்கில ஓ எழுத்தை பக்கத்திலிருக்கும் எச் எழுத்தின் அதே உயரத்துக்கு வரைந்தால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், அதனால் வட்டத்தை மேலேயும் கீழேயும் ஒரு மயிரிழை தாண்டவிட்டு வரைகிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. கையால் நாற்பது தடவை வரைந்தபின், தெருவில் போகும்போது எந்தக் கடைப் பலகையில் அது இல்லை என்று கண் தானாகப் பிடித்துவிடுகிறது.

அப்புறம் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். கறுப்புத் தாளில் எழுத்துகளை வெட்டி, வெள்ளை அட்டையில் ஒட்டாமல் பரப்பி, இடைவெளி எல்லாம் ஒரே அளவாகத் தெரியும்வரை நகர்த்த வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக இருக்கும், பார்த்தால் ஓட்டையாக இருக்கும். கண்தான் அளவுகோல் என்பது புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஃபெடெக்ஸ் லோகோவில் இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கும் அம்புக்குறியை (1994இல் லிண்டன் லீடர் வடிவமைத்தது) எல்லா வகுப்பிலும் காட்டுவார்கள், எங்களுக்கும் காட்டினார்கள். பல மணி நேரம் காகிதத் துண்டுகளை நகர்த்திவிட்டு அதைப் பார்க்கும்போது, வெற்றிடமும் வரைய வேண்டிய ஒன்று என்பது கைக்கே புரிகிறது.

லோகோ பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு சின்னச் சின்ன கைப்படம், அதில் மூன்றைத் தேர்வு செய்வது, முதலில் கறுப்பு வெள்ளையில் மட்டும், வண்ணம் கடைசியில், ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கிப் பார்ப்பது, சுவரில் ஒட்டி எல்லோரும் கருத்துச் சொல்வது. ஒழுங்கான முறை, நன்றாக நடத்தினார்கள்.

எனக்கு முக்கியமான விஷயம் இரண்டாம் வருடத்தில் வந்தது. சொந்தமாக ஒரு வாடிக்கையாளரைத் தேடி, நிஜமாகவே பயன்படும் சொல்வடிவ லோகோ, அதாவது பெயரின் எழுத்துகளே லோகோவாக நிற்பது, செய்ய வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அத்தை, கல்யாண வீடுகளுக்கும் விரதச் சாப்பாட்டுக்கும் ஏழு கறி சமைத்துக் கொடுக்கிறார். மொரீஷியஸ் தமிழர் வீட்டு விசேஷம் என்றால் வாழை இலையில் ஏழு கறிதான். அத்தைக்குத் தமிழ் வாசிக்க வராது. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, ஆனா பெட்டியில எங்க தாத்தா எழுத்து இருக்கணும்" என்றார், பாதி தமிழ் பாதி கிரியோலில். அவருக்காக 'ஏழு கறி' என்று வரைய உட்கார்ந்தேன்.

நான்கே நான்கு எழுத்து. ஆனால் வகுப்பில் கற்ற அளவுக் கோடுகளை அப்படியே போட்டதும் எல்லாம் இடித்தது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை அடிக்கோட்டில் உட்காரும், சிலதுக்கு மட்டும் வால் கீழே இறங்கும். இங்கே ஏகாரத்தின் கோடு சரிந்து கீழே போகிறது, ழுவின் வால் இறங்கி வளைகிறது, றகரமும் கீழே நீள்கிறது, போதாததற்கு 'றி'யின் மேல் வளையும் மேல்விலங்கு தலைக்கு மேலே ஏறுகிறது. ககரம் மட்டும் நடுவில் அடிக்கோட்டின் மேல் சாதுவாக நிற்கிறது, தனியாக விட்ட பிள்ளை மாதிரி. வால்களைச் சுருக்கினால் கட்டமாக அழகாக வரும்தான். ஆனால் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசமே அந்த ஒரு கோடுதான், வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் அப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. கோட்டைச் சுருக்கினால் 'ஏழு' என்பது 'எழு' ஆகிவிடும். அழகுக்காகச் சொல்லையே மாற்ற எனக்கு மனசில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது. எங்கள் ஆசிரியருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சுவரில் இருந்த என் தாளைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி ஒட்டிவிட்டு, "இப்போது பார்" என்றார். பார்த்தேன். ழுவுக்கும் ககரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். அது அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் வாசித்துக்கொண்டே இருந்ததால் பார்க்கவில்லை. ஐந்து வயதிலிருந்து வாசித்து வாசித்து, என் தாய்மொழி எழுத்தின் உருவத்தை நான் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு எல்லாத் தமிழ் வேலையையும் தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. பதிலுக்கு அவருக்கு நம் பெயர்களைச் சொன்னேன்: கொம்பு, துணைக்கால், விலங்கு, சுழி. அவர்கள் கை, கால், தோள், காது என்று சொல்கிற மாதிரியே நமக்கும் எழுத்தின் உறுப்புகளுக்குப் பெயர் இருக்கிறது என்று கேட்டு, பலகையில் எழுதி வைத்துக்கொண்டார்.

குறை என்று பார்த்தால், பாடத்திட்டத்தில் தமிழுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. நூலகத்திலும் ஒன்றும் இல்லை. இன்னொரு பாடத்தில் நான் போட்ட தமிழ்ப் பக்கத்துக்கு, வரிகள் தளர்வாக இருக்கின்றன என்று மதிப்பெண் குறைத்தார்கள். மேலே விலங்கும் கீழே வாலும் மோதாமல் இருக்க 12 பாயின்ட் தமிழுக்கு 18க்குக் குறையாமல் வரி இடைவெளி வைப்பது என் வழக்கம். ஆங்கிலத்துக்கு 15 போதும் என்பதால் அதையே எதிர்பார்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் காட்டி விளக்கினேன், மதிப்பெண் மாறவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. இத்தனைக்கும் இந்த நாட்டின் ரூபாய்த் தாளிலேயே தமிழ் இருக்கிறது!

அந்த ரூபாய்த் தாளை வைத்தே ஒரு வகுப்பு எடுத்தேன். ஒரு பக்கத்தில் எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்ற பாடத்துக்கு ஆளுக்கொரு உதாரணம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் மொரீஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாய்த் தாளைக் கொண்டுபோனேன். ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து தேவநாகரி. 1998இல் வந்த புதுத் தாள்களில் தேவநாகரியை முன்னால் போட்டுத் தமிழைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததில் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே மறுபடி வெளியிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. தினமும் பையில் வைத்திருக்கும் தாளில் இப்படி ஒரு கதை இருக்கிறதா என்று ஆளாளுக்குப் பர்ஸைத் திறந்து பார்த்தார்கள்.

படிப்பில் சொல்லித்தராமல், நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதில் சிலது, தமிழில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு உதவும். காவடி பேனரில் கொம்பு இடம் மாறியதற்குக் காரணம் இதுதான்: சில வரைகலை மென்பொருள்களில் இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சரியான இடத்தில் கோத்துத் தரும் வசதியைத் தனியாக இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு தட்டச்சு செய்த வரிசையிலேயே பின்னால் நின்றுவிடும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் அச்சுக்கடைக் கணினியில் உடையலாம். அதனால் கடைசி ஃபைலில் எழுத்துகளை எல்லாம் எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், திருத்தக்கூடிய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது. எழுத்துருவுக்கும் திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஒன்பது தடிமனில் இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்துக்கு நான் முதலில் எடுப்பது அதுதான். ஹிந்த் மதுரை, முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், கொழுகொழுவென்று தலைப்புக்கு பாலூ தம்பி, எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். பழைய கோயில் கல்வெட்டைப் பார்த்து வரைகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய லை, ணை, னா, றா வடிவங்கள் அதில் இருக்கும், அவை பிழையல்ல. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுகிறேன். தும்பிக்கை லை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சேரலாமா என்று கேட்டால், சேரலாம். ஆனால் மென்பொருள் மட்டும் கற்க என்றால் வேண்டாம், அதை வீட்டிலிருந்தே கற்கலாம். கையால் வரையப் பொறுமையும், சுவரில் ஒட்டிய வேலையைப் பத்துப் பேர் குறை சொல்லும்போது கேட்டுக்கொள்ளும் மனமும் இருந்தால் இரண்டு வருடமும் வீணாகாது. கட்டணத்தை விட அச்செடுக்கும் செலவும் மாலை நேரமும்தான் எங்கள் வீட்டைப் பாதித்தன. பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு போடும் வேலையை வீட்டுக்காரர் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார், அவர் இல்லாமல் முடிந்திருக்காது.

அத்தையின் 'ஏழு கறி' இப்போது வேனில் இருக்கிறது, பெட்டிகளிலும் இருக்கிறது. வேனில் பிரமாதம். பெட்டியில்தான் பிரச்சினை. அத்தை ஸ்டிக்கர் செலவை மிச்சப்படுத்த ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார், சொரசொரப்பான பழுப்பு அட்டையில் மை பரவி, ககரத்தின் சுழி இரண்டு மாதத்தில் அடைந்துபோனது. திரையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கிப் பார்த்திருந்தேன், ஈர மையில் பார்க்கவில்லை. போன வாரம் சுழிகளை எல்லாம் அகலமாகத் திறந்து, ஸ்டாம்புக்கென்று தனியாக ஒரு வடிவம் வரைந்து கொடுத்தேன். அத்தை பழையதையும் புதியதையும் ஒரே பெட்டி மூடியில் அடுத்தடுத்துக் குத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். புதியதில் ககரத்தின் மேல் விரலை வைத்து, "இதுக்குள்ள இப்ப காத்து போகுது" என்றார்.