பெயர் தெரியாத அலர்ஜி மாத்திரையை வாங்காதீர்கள்

மருந்துக்கடையில் போய் “அலர்ஜிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால், அட்டையில் நாலைந்தைக் கத்தரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்கள். அதில் முழுப்பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது, பில்லும் இருக்காது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தக் கவரை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அப்பா அப்படி ஒரு கவரால்தான் அவசரப் பிரிவுக்குப் போனார்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தூசி ஒத்துக்கொள்ளாது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தனியாக மாத்திரை சாப்பிடுகிறார். கடையில் நின்றவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எதிரே நிற்பவரின் நரைத்த தலையாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். “தும்மலா? சரி” என்று இரண்டு வகை மாத்திரைகளை வெட்டிப் போட்டார். ஒன்று அலர்ஜிக்காம், இன்னொன்று மூக்கொழுகலுக்காம். கவரின் மேல் பேனாவால் ‘காலை, இரவு’ என்று ஒரு கிறுக்கல். ஆலோசனை அவ்வளவுதான்.

தும்மல் நின்றது, அதை மறுக்கவில்லை. கூடவே வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. பகலிலும் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். அப்புறம் பேச்சு குழம்ப ஆரம்பித்தது. கேட்டதையே திரும்பக் கேட்டார், அம்மாவை அத்தையின் பெயரால் கூப்பிட்டார். கடைசியில் சிறுநீர் வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் துடித்தார்.

மருத்துவமனையில் டியூப் போட்டு சிறுநீரை வெளியேற்றினார்கள். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: “புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டார்?” கவரை நீட்டினோம். ஒரு துண்டின் பின்பக்கம் பெயரின் வால் மட்டும் மிச்சம், தலை கடைக்காரரின் அட்டையோடு போய்விட்டது. டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்துப் பார்த்து, கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்: குளோர்ஃபெனிரமின். மற்ற துண்டிலும் அதே குளோர்ஃபெனிரமின், கூடவே பாரசிட்டமால், ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து. ஒரே மருந்தை இரண்டு பெயரில், இரண்டு நிறத்தில், ஒரே கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இது ஏன் அப்பாவை இப்படிப் போட்டுத் தாக்கியது என்று டாக்டர் பொறுமையாகவே சொன்னார். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் எல்லாம் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுப்பதோடு இவை நிற்பதில்லை. மூளைக்குள்ளும் நுழைகின்றன, அதனால்தான் தூக்கமும் குழப்பமும். அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் வேலையையும் கெடுக்கின்றன. வாய் வறள்வது, மலச்சிக்கல், பார்வை மங்குவது, சிறுநீர்ப்பை சுருங்க மறுப்பது எல்லாம் அதன் விளைவு. ஃபினைலெஃப்ரின் தன் பங்குக்குச் சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியை இறுக்கும். புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே பாதை குறுகிய ஒருவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? குளோர்ஃபெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்ட மாத்திரை இறங்கும் முன்பே காலை மாத்திரை அதன் மேல் ஏறிவிடும். கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கும், அதிலும் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகிய வகையினருக்கு, இந்த மருந்துகள் ஆபத்து.

அப்பா வீடு திரும்பியதும் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை, என்ன கொடுத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் போனேன். “எல்லாருக்கும் இதைத்தாங்க கொடுக்கிறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்லை” என்றார். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், “அப்படின்னா டாக்டர்கிட்ட போயிருக்கணும்” என்று திருப்பினார். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, “இதைக் கொடுங்க, இன்னும் வேகமா கேட்கும்” என்று வேறொரு அட்டையை எடுத்துக் கத்தரிக்கப் போனார். வெட்டாமல் காட்டச் சொன்னேன். அதில் இருந்தது பீட்டாமெத்தசோனும் டெக்ஸ்குளோர்ஃபெனிரமினும். முதலாவது ஸ்டீராய்டு, அதாவது உடம்பு சுரக்கும் ஹார்மோனைப் போன்ற, வீக்கத்தையும் அலர்ஜியையும் அடக்கும் மருந்து. இரண்டாவது, அப்பாவைப் படுக்கவைத்த அதே மருந்தின் நெருங்கிய உறவு.

இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். ஒரே மாத்திரையில் அரிப்பும் தடிப்பும் மாயமாய் மறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து, அளவோடு, குறிப்பிட்ட நாளுக்குச் சாப்பிட்டால் அது நல்ல மருந்துதான். அலர்ஜி மாத்திரை என்று நினைத்து மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும். திடீரென்று நிறுத்தவும் முடியாது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதையே குறைத்திருக்கும்.

சரி, அப்படியென்றால் எதைச் சாப்பிடுவது? செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, தோல் தடிப்பு இவற்றுக்குப் பெரும்பாலும் இவையே போதும். பெரியவர்களுக்குச் செட்டிரிசினும் லோராட்டடினும் வழக்கமாக ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம். இதிலும் செட்டிரிசின் சிலரைத் தூங்கவைத்துவிடும், முதல் முறை சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டுவிட்டுச் செட்டிரிசினையோ லீவோசெட்டிரிசினையோ நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு வருகிறது என்று 2025-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இந்தக் குடும்பத்தோடு சேரவே கூடாது, பழைய தலைமுறையோடு நிச்சயமாகக் கூடாது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

‘தூக்கம் வராத மாத்திரை’ என்று சொன்னாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. டெர்ஃபெனடின் என்று ஒன்று அப்படித்தான் கொடிகட்டிப் பறந்தது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து போன்றவற்றோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பையே தாறுமாறாக்கியது. 1998-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விற்பவர் கேட்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். புராஸ்டேட், கண் நீர் அழுத்தம், சிறுநீரகம், இதயம், கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று. உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இரைத்து, தலை சுற்றினால் அது மாத்திரை தேடும் நேரமில்லை. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைபடும் தொண்டையைத் திறக்காது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்பா இப்போது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் பயன்படுத்துகிறார், டாக்டர் எழுதிக் கொடுத்தது. மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டுபோல் அது உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. மூக்கடைப்புக்கும் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கிறது. டியூபை எடுத்துவிட்டார்கள், குழப்பமும் தெளிந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் ராத்திரியில் எழுந்து அவரைப் பார்த்துவிட்டுப் படுக்கிறார்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கையில் பில் இல்லை. கவரையும் மிஞ்சிய துண்டுகளையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்திருக்கிறோம். கடை “நாங்கள் விற்கவே இல்லை” என்று சொன்னால் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால் நீங்கள் வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியோடு அட்டையைக் கேளுங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.