பழைய கணினிகளை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் அலுவலகங்கள் கவனத்துக்கு

எங்கள் அலுவலகத்தில் மடிக்கணினிகளை மாற்றியபோது, பழையவற்றை ஒரு மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். தரவை அழித்துத் தருவதும் ஒப்பந்தத்திலேயே இருந்தது. இலவசமாக வந்து எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாளில், 'தரவுகள் முழுமையாக அழிக்கப்பட்டு, பொருட்கள் முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டன' என்று முத்திரை குத்திய சான்றிதழும் வந்து சேர்ந்தது.

அப்புறம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. இணையத்தில் பழைய மடிக்கணினி வாங்கியிருக்கிறார். திறந்து பார்த்தால் எங்கள் ஊழியர்களின் சம்பளப் பட்டியல், முகவரி, வங்கிக் கணக்கு எண்கள். நல்ல மனிதர், கூப்பிட்டுச் சொன்னார். மற்ற மடிக்கணினிகள் யார் யார் கையில் இருக்கின்றன என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நிறுவனத்தைக் கேட்டோம். "அப்படி நடக்கவே வாய்ப்பில்லை" என்றார்கள். அந்த மடிக்கணினியின் வரிசை எண்ணை அனுப்பியதும் பேச்சு மாறியது. வேலையை வேறொருவரிடம் விட்டிருந்தார்களாம், பொறுப்பு அவருடையதாம். யார் அந்த வேறொருவர் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சான்றிதழை வைத்து மடக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால், அதில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது. எந்தக் கணினி, தரவு பதியும் எந்த வட்டு (டிஸ்க்), எந்த முறையில், என்றைக்கு அழிக்கப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை. எடையை மட்டும் சொல்லும் சான்றிதழால் எதையும் நிரூபிக்க முடியாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் ஒரு பிரிவு, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் இடம் மாற்றும் நிறுவனம் ஒன்றிடம் பழைய வட்டுகளையும் சர்வர்களையும் அகற்றும் வேலையைக் கொடுத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர்.

'ஃபார்மட் செய்துவிட்டோம்' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். விரைவு ஃபார்மட்டில் கோப்புகளின் அட்டவணைதான் போகும், கோப்புகள் வட்டிலேயே கிடக்கும். காந்தப்புலத்தால் அழிக்கும் முறை பழைய சுழல் வட்டுக்குச் சரி, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் அது பலிக்காது, ஏனென்றால் அதில் தரவு காந்தமாகப் பதிவதில்லை. பெரிய நகல் எடுக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தரவு ஒரு பக்கம் இருக்க, பொருள் எங்கே போகிறது என்பதும் எனக்கு ஆறவில்லை. 2022-இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மீதியில் எவ்வளவோ, கம்பிகளை எரித்தும் மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுப்பவர்களிடம் போய்ச் சேர்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள். 2025 ஜனவரி முதல், கழிவு நாடு கடந்து போவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான பாசல் உடன்படிக்கையின்படி, எந்த மின்னணுக் கழிவையும் நாடு விட்டு நாடு அனுப்ப, பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். 'அடுத்து யாரிடம் கொடுப்பீர்கள், அவர்கள் யாரிடம் கொடுப்பார்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் சொல்லும். நேரில் வந்து பார்க்கவும் விடும்.

இலவசம் என்பதற்காகவே யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. பழைய கணினிக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு, அதில்தான் அவர்களுக்கு வருமானம். அதை மறைக்காமல் ஒப்பந்தத்தில் எழுதட்டும். வேலையை வேறொருவருக்குக் கைமாற்றுவதானால் நம் சம்மதம் வேண்டும் என்பதையும் எழுதட்டும். நாங்கள் இப்போது வட்டுகளை அலுவலகத்திலேயே அழித்து, வரிசை எண்களைக் குறித்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வெளியே அனுப்புகிறோம்.

உங்கள் அலுவலகக் கோப்பிலும் இப்படி ஒரு சான்றிதழ் இருக்கும். எடுத்துப் பாருங்கள். வரிசை எண்கள் இல்லையென்றால் இன்றைக்கே அந்தப் பட்டியலைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.