ஸ்மோக்கி ஐ: பேலட்டா, பென்சிலா?

பன்னிரண்டு நிறப் பவுடர் அடுக்கிய ஐ ஷேடோ பேலட் ஒன்று, கறுப்பு ஜெல் பென்சில் ஒன்று, பழுப்பு க்ரீம் ஸ்டிக் ஒன்று. இமையில் நிறம் புகை மாதிரிக் கரைந்து தெரியும் ஸ்மோக்கி ஐ ஒப்பனையை வீட்டிலேயே போட்டுப் பழகலாம் என்று நான் வாங்கி வைத்தவை இவ்வளவுதான். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பென்சிலோடு நின்றுவிட்டேன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சில் கட்சிக்காரியின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் போட்டாலும் இலக்கு ஒன்றுதான். இமை முடியின் வேரில் நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும். மேலே போகப்போக வெளிற வேண்டும். எந்த இடத்தில் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. கறுப்புதான் வேண்டும் என்றில்லை, அடர்பழுப்பு, கருநீலம், கத்தரிப்பூ நிறம் எல்லாமே புகையும்.

முதலில் பேலட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நிறம் படிப்படியாகக் கரைவதில் பவுடருக்கு ஈடு கிடையாது. நிறம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சான பிரைமரைத் தடவி, இமை மடிப்பில் மங்கிய பழுப்பை வைத்து, வெளி மூலையில் அடர் நிறத்தை அழுத்தி, ஒன்றும் தொடாத சுத்தமான பிரஷ்ஷால் எல்லையைக் கலைத்தால் அழகாக வரும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரும். எனக்கு வந்தது வேறு.

ஒரு மாலை விருந்துக்குக் கிளம்பும்போது இடது கண்ணின் வெளி மூலை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. சரி, வலது கண்ணையும் அதற்குச் சமமாக்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். வலது ஒரு நூல் கூடிவிட்டது. மறுபடி இடது. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான், ஒரே வித்தியாசம், இங்கே அப்பம் குறையாமல் வளர்ந்துகொண்டே போனது. அரை மணி நேரத்தில் புகை புருவத்தைத் தொட்டுவிட்டது. யாரோ இரண்டு கண்ணிலும் குத்துவிட்ட மாதிரி நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெறும் மஸ்காராவோடு போனேன்.

பேலட்டுக்கும் பென்சிலுக்கும் நடுவில் என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: தப்பு நடந்தால் எந்தப் பக்கமாகத் திருத்துகிறோம்? பவுடரில் எல்லை கடினமாகத் தெரிந்தால் அதைக் கலைக்க வேண்டும். கலைத்தால் நிறம் வெளியே நகரும், உள்ளே அடர்த்தி குறையும். அடர்த்திக்காக மறுபடி கறுப்பை வைத்தால் எல்லை மறுபடி கடினமாகும். ஒவ்வொரு திருத்தமும் பரப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. துடைக்கலாமே என்பீர்கள். உலர்ந்த கறுப்புப் பவுடரை ஈரப் பஞ்சால் தொட்டால் சாம்பல் திட்டாகிறது. அடியில் இருக்கும் பிரைமரும் கூடவே வந்துவிடுகிறது, அந்த இடத்தில் அடுத்து வைக்கும் நிறம் ஒட்டுவதில்லை.

பென்சிலில் வேலை எதிர்த் திசையில் நடக்கிறது. இமை முடியை ஒட்டி தடிமனாக, கோணலாகவே ஒரு கோடு. கோடு நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது கை நடுங்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. உடனே சின்னப் பிரஷ்ஷாலோ மோதிர விரலாலோ அதை மேல்நோக்கிக் கலைக்க வேண்டும். அடர்த்தி வேரிலேயே தங்கிவிடும், மேலே போவது மிச்சம் மட்டும்தான். கோட்டில் இருக்கும் நிறம் அவ்வளவுதான் என்பதால் புகை தானாகவே ஒரு உயரத்தில் நின்றுவிடுகிறது. அதையும் மீறி ஏறினால் பஞ்சுக் குச்சியில் மேக்கப் அழிக்கும் மைசெல்லார் வாட்டரைத் துளி தொட்டு மேல் விளிம்பை மட்டும் வழித்து எடுக்கலாம். கீழே உள்ளது அசையாது. வெளி மூலையில் தோல் நிறக் கன்சீலரை மெல்லிசாக இழுத்துவிட்டால் இரண்டு கண்ணும் சமமாகிவிடும். திருத்தத் திருத்த வடிவம் சின்னதாகிறது.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு கண்ணை முடித்துவிட்டுத்தான் அடுத்த கண். ஜெல் பென்சிலில் சீக்கிரம் ஆவியாகும் எண்ணெய் வகை ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஐசோடோடெகேன் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அது பறந்து போனதும் மெழுகும் நிறமும் தோலில் பிடித்துக்கொள்ளும். முப்பது விநாடி, அதிகம் போனால் ஒரு நிமிடம், அதற்குள் கலைத்துவிட வேண்டும். இரண்டு கண்ணிலும் கோடு போட்டுவிட்டுச் சாவகாசமாக வந்தால் முதல் கோடு கோடாகவே இருக்கும்.

சாதாரணக் காஜலை வைத்துச் செய்ய முடியாதா என்றால், முடியும், கலைக்க இன்னும் சுலபம். ஆனால் அது கடைசிவரை இறுகாது. இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும். வாங்கும்போதே புறங்கையில் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நகராவிட்டால் ஜெல் வகை, ஈஷிக்கொண்டால் காஜல். எதுவானாலும் கலைத்த பிறகு மேலே மங்கிய பழுப்புப் பவுடரை லேசாக ஒற்றிவிட வேண்டும். ஒற்றத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. மை நகராமல் பிடிப்பதும், விளிம்பை மறைப்பதும் அந்தப் பழுப்புதான். கீழ் இமைக்குத் தனியாகப் பென்சில் வேண்டாம், பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும்.

பவுடரின் இன்னொரு தொல்லை உதிர்வது. கறுப்புத் துகள் கன்னத்தில் விழும், அதைத் துடைக்கப் போனால் தீற்றலாகிவிடும். அதனால் பேலட் ஆட்கள் கண்ணை முடித்துவிட்டு அப்புறம் முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எதற்கும் முன்னால் லென்ஸைப் போட்டுவிடுங்கள். இமையின் உள் ஓரத்தில், அதாவது வாட்டர்லைனில், மை இழுப்பதை நான் விட்டுவிட்டேன். அங்கே போடும் மை, முடிக்கு வெளியே போடுவதைவிடச் சீக்கிரமாகக் கண்ணீர்ப் படலத்துக்குள் போய்விடுகிறது.

க்ரீம் ஸ்டிக்கைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, இரண்டு மாதம்தான் பயன்படுத்தினேன். மூன்றில் வேகமானது அதுதான். ஒரு நிறம், ஒரு விரல், வேலை முடிந்தது. இரண்டாவது பூச்சு வைத்தால் முதல் பூச்சு பெயர்ந்து வந்தது. எண்ணெய் வழியும் என் இமையில் மாலைக்குள் மடிப்பில் கோடாகத் திரண்டுகொண்டது. வறண்ட இமைக்காரர்களிடம் ஒழுங்காக நிற்கலாம்.

என் மடிப்பு கண்ணைத் திறந்தாலும் தெரியும் வகை, அதையும் சொல்லிவிட வேண்டும். மடிப்பு மேலே விழுந்து இமையை மூடும் கண்ணில், தங்கைக்கு ஒரே ஒரு தடவை போட்டுவிட்டிருக்கிறேன். கண்ணைத் திறந்ததும் பென்சில் புகை முக்கால்வாசி மறைந்துவிட்டது. கண்ணைத் திறந்து வைத்தபடியே மடிப்புக்கு மேல் கொஞ்சம் பழுப்புப் பவுடர் வைத்த பிறகுதான் தெரிந்தது. அந்த வகைக் கண்ணுக்கு பேலட் பக்கமே நியாயம் இருக்கலாம்.

பராமரிப்பில் பென்சில் சுலபம். சீவினால் புது முனை. பேலட்டுக்கு மூன்று பிரஷ்ஷாவது வேண்டும், அவற்றைக் கழுவிப் படுக்கவைத்து ஓர் இரவு காயவிட வேண்டும். கழுவாத பிரஷ் எல்லா நிறத்தையும் சேற்று நிறமாக்கிவிடும். ஆனால் இரவில் அழிக்கும்போது பென்சில் பழிவாங்கும். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் மூடிய கண்மேல் வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கி வழிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இமை எரியும், இரண்டு முடி உதிரும், தலையணை உறையிலும் மை இருக்கும்.

பேலட்டை நான் தூக்கிப் போடவில்லை. பென்சிலுக்கு மேல் ஒற்றியே அதில் அந்த ஒரு பழுப்பு மட்டும் தேய்ந்து, அடித்தகடு தெரிகிறது. மற்ற பதினொன்றும் கிட்டத்தட்ட வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன.