நடந்ததை அறிய எதை முதலில் திறப்பது: ஆவணத்தையா, நாவலையா?

அண்மைக்கால வரலாற்றை எழுத உட்காருபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சோழர் காலத்தைப் பற்றி நாவல் எழுதினால், "நான் அங்கே இருந்தேன், அப்படி நடக்கவில்லை" என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை. இருபதாம் நூற்றாண்டைத் தொட்டால் வந்து நிற்பார்கள். அவர்களிடம் புனைவு என்ன பதில் சொல்கிறது, அபுனைவு என்ன பதில் சொல்கிறது என்பதை, ஒரே நிகழ்வைப் பற்றிய நூல்களை அருகருகே வைத்தால்தான் சரியாகப் பார்க்க முடியும்.

முதலில் ஹிரோஷிமா. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ் முழுவதையும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் ஒரே கட்டுரை நிறைத்தது. குண்டு விழுந்து ஓராண்டு கடந்திருந்தது. ஒரு நகரம் அழிந்ததை அவர் ஆறு பேரின் வழியாகச் சொன்னார். காலை 8.15. தகரத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் ஓர் இளம்பெண் தன் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து மேசைக்காரியிடம் ஏதோ பேசத் தலையைத் திருப்புகிறாள். அவளுக்குப் பின்னாலிருந்த புத்தக அலமாரிகள் சரிந்து அவள் காலை நசுக்குகின்றன. அணுயுகத்தின் முதல் கணத்தில் ஒரு பெண் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தாள் என்று ஒரு நாவலாசிரியர் கற்பனையாக எழுதியிருந்தால், வலிந்து செய்த குறியீடு என்று நாமே குறை சொல்லியிருப்போம். நடந்தது என்பதாலேயே அந்த வரி நிற்கிறது. காட்சி, உரையாடல், ஒரு பாத்திரத்தை விட்டு இன்னொருவரிடம் தாவுதல் என்று நாவலின் உத்திகள் எல்லாம் ஹெர்சியிடம் உண்டு. ஆனால் கட்டுரை முழுவதும் அந்த ஆறு பேரிடம் கேட்டறிந்ததன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1965-66இல், ஜப்பானிய எழுத்தாளர் மசூஜி இபுசே 'கருப்பு மழை' நாவலைத் தொடராக எழுதினார். அவர் தொடங்கும் இடமே வேறு. குண்டு விழுந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஷிகெமாட்சுவின் பொறுப்பில் இருக்கும் உறவுப்பெண் யாசுகோவுக்கு எந்த வரனும் கூடிவரவில்லை. அவளுக்குக் கதிரியக்க நோய் என்று ஊரில் பேச்சு. அது பொய் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட, ஷிகெமாட்சு தன் பழைய நாட்குறிப்பைப் படியெடுக்க உட்காருகிறார். ஆவணத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பும் மனிதர் அவர். ஆனால் குண்டு விழுந்த பிறகு பெய்த, கதிரியக்கம் கலந்த அந்தக் கருப்பு மழையில் யாசுகோ நனைந்திருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நோய் வந்துவிடுகிறது.

இபுசே இதை வெறுங்காற்றிலிருந்து எடுக்கவில்லை. ஷிகெமாட்சு ஷிசுமா என்ற உண்மையான மனிதரின் நாட்குறிப்பை வாங்கிப் பயன்படுத்தினார்; பெயரை மட்டும் முன்பின்னாக மாற்றிவைத்தார். பின்னாளில் அந்த நாட்குறிப்பே தனி நூலாக வெளிவந்தபோது, நாவலில் இபுசேயின் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை கிளம்பியது. எனக்கு அதில் பெரிய குழப்பம் இல்லை. அந்தக் காலையில் என்ன நடந்தது என்று அறிய ஹெர்சியிடம்தான் போவேன். அது கல்யாணப் பேச்சுக்குள்ளும் ஊர் வம்புக்குள்ளும் நுழைந்து ஒரு வீட்டை எப்படி அரித்தது என்று உணர இபுசேயை விட்டால் வழியில்லை.

புனைவின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை கொலம்பியா காட்டுகிறது. 1928 டிசம்பரில் சியெனாகா நகரில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. 47 பேர் இறந்ததாகத் தளபதி ஒப்புக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேல் என்று அமெரிக்கத் தூதரகச் செய்தி ஒன்று சொன்னது. 1967இல் வந்த 'நூற்றாண்டுத் தனிமை' நாவலில் கார்சியா மார்க்கேஸ் அதை 3,000 ஆக்கினார். ஒரு ரயிலை நிரப்பும் அளவுக்குப் பிணங்கள் தேவைப்பட்டன என்பதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஓர் ஆண்டு நினைவுநாளில், அந்த 3,000 பேருக்காக செனட்டில் மௌன அஞ்சலி கோரப்பட்டதாகவும் தன்வரலாற்றில் எழுதினார். ஒரு கட்டுரையில் எண் தவறினால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். நாவலில் வந்த எண்ணை யார் திருத்துவது?

ஆனாலும் அந்த நாவலைத் தள்ளிவைக்க என்னால் முடியாது. பிணங்கள் நிரம்பிய ரயிலிலிருந்து குதித்துத் தப்பி ஊர் திரும்புபவனிடம், இங்கே யாரும் சாகவில்லையே என்கிறார்கள். எண் கற்பனைதான். ஒரு சமூகம் தன் கண்ணெதிரே நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லப் பழகியது கற்பனை அல்ல.

தமிழில் 'குருதிப்புனல்' நாவலை வேறு விதமாக நிறுத்துப் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும்தான் தகராறின் வேர். 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் நாவல், நிலக்கிழாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவில் காரணம் தேடியது. இடதுசாரிகள் அன்றே எதிர்த்தார்கள். எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். மனத்துக்குள் புகும் உரிமை புனைவுக்கு உண்டு; ஆனால் அங்கே புகுந்ததில் நெற்கூலிக் கணக்கு பின்னால் போய்விட்டது. வெண்மணியைப் பொறுத்தவரை, பிழைத்தவர்களின் வாக்குமூலத்தையும் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத்தான் வயிறு எரியும்.

ஆவணத்தை மட்டும் முழுக்க நம்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் சாட்சிகளின் குரல்களாலேயே நூல்களைக் கட்டியவர். 2015இல் நோபல் பெற்றார். ஆப்கன் போரிலிருந்து துத்தநாகச் சவப்பெட்டிகளில் திரும்பிய சோவியத் வீரர்களைப் பற்றிய நூலுக்காக, அவரிடம் பேசிய தாய்மார்களில் சிலரே மின்ஸ்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாங்கள் சொன்னது திரிக்கப்பட்டுவிட்டது என்பது அவர்கள் புகார். வெட்டுவதும் கோப்பதும் எழுத்தாளரின் கைதான். அந்தக் கை அபுனைவில் கண்ணுக்குத் தெரியாததால், வாசகர் அங்கே இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

எது முதலில் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல விடை, இரண்டு வகையையும் எழுதிய ஒரே மனிதரிடம் இருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் 1962இல், குலாக் எனப்படும் சோவியத் கட்டாய உழைப்பு முகாமில் சுக்கோவ் என்ற கைதியின் ஒரே நாளைக் குறுநாவலாக வெளியிட்டார். சோவியத் தலைவர் குருஷேவின் நேரடி ஒப்புதலோடு அது அச்சேறியது. அதுவரை வாயைத் திறக்காத முன்னாள் கைதிகள் அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். கடிதங்களும் சந்திப்புகளும் சேர்ந்து 227 பேரின் சாட்சியங்களாகி, 1973இல் பாரிஸில் 'குலாக் தீவுக்கூட்டம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு அரசு அவரை நாடு கடத்தியது. புனைவு வாய்களைத் திறந்தது. திறந்த வாய்களிலிருந்து ஆவணம் பிறந்தது.

ஆகவே, பேசுவதற்கு ஆட்கள் இருக்கும் இடத்தில் ஆவணத்தை முதலில் எடுப்பேன். வாய் கட்டப்பட்ட இடத்தில் நாவலை. குலாக்கைத் தொடங்குகிறவருக்கு என் வரிசை இதுதான்: காலையில் சுக்கோவ் பாதி ரொட்டியை மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டு வேலைக்குப் போகிறான், இரவு திரும்பும்போது அது அங்கேயே இருக்கிறது. அந்தக் குறுநாவல் முதலில். அதன் பிறகு அந்த 227 பேர்.