லினக்ஸில் டேப் பேக்கப்: மீட்டெடுக்கும் பக்கத்திலிருந்து பதின்மூன்று ஆண்டு அனுபவம்

2011ஆம் ஆண்டு இறுதியில் எங்கள் அலுவலகத்துக்குக் காந்த நாடாவில் பேக்கப் எழுதும் ஓர் எல்டிஓ-4 டேப் டிரைவ் (எல்டிஓ என்ற டேப் வகையின் நான்காம் தலைமுறை) வந்தது. நிலஅளவை வரைபடங்களும் அவற்றுக்கான கணக்குகளும் தயாரிக்கும் நாற்பது பேர் கொண்ட அலுவலகம். வரைபடக் கோப்புகள் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வரிலும், மின்னஞ்சலும் கணக்குப் பதிவேடுகளும் லினக்ஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி ஓடும் இன்னொரு சர்வரிலும் இருந்தன. முதலாவதை, கோப்புகளை ஒரே காப்பகமாகக் கட்டும் ‘டார்’ நிரல் கொண்டும், இரண்டாவதை, கோப்பு முறைமையையே நகலெடுக்கும் ‘டம்ப்’ நிரல் கொண்டும் வெள்ளிதோறும் முழுமையாகவும், மற்ற நாள்களில் மாறியவற்றை மட்டுமாகவும் டேப்பில் எழுதி வந்தோம். எழுதுவது இரவில் தானாக நடந்துவிடும். அதில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. டேப்பைத் திருப்பிப் படித்த அனுபவங்களையே இங்கே எழுதுகிறேன்.

ஓர் எல்டிஓ-4 காட்ரிட்ஜுக்குள் 820 மீட்டர் நீளமுள்ள அரை அங்குல நாடா சுற்றப்பட்டிருக்கிறது. சுருக்காமல் எழுதினால் 800 ஜிபி கொள்ளும். நொடிக்கு 120 எம்பி வரை படிக்கும். காகிதக் கணக்குப்படி முழு டேப்பையும் இரண்டு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடியும் போய் என்று 56 முறை நெசவுத் தறியின் ஓடம் போல ஓடித்தான் அது நிரம்புகிறது. எனவே தரவின் கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்பு நாடாவின் கடைசியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிரைவ் எந்த இடத்தைத் தேடிப் போகிறது என்பதை அதன் மோட்டார் ஓசையிலிருந்தே ஊகித்துவிடலாம் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். ஓராண்டிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

முதல் அடி எங்கள் கவனக்குறைவால் விழுந்தது. லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ‘எஸ்டி0’ என்ற பெயரில் திறந்தால், வேலை முடிந்து மூடும்போது டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றப்படும். ‘என்எஸ்டி0’ என்ற பெயரில் திறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டிய ஸ்கிரிப்டில் நான் முதல் பெயரை எழுதிவிட்டேன். ஒவ்வொரு பகுதியும் வெற்றிகரமாக எழுதப்பட்டதாகவே லாக் சொன்னது, அது பொய்யும் இல்லை. முதல் பகுதி எழுதப்பட்டதும் டேப் சுற்றப்பட்டது, இரண்டாவது அதன்மேல் எழுதப்பட்டது, மூன்றாவது இரண்டாவதன்மேல். ஐந்து வாரம் கழித்து ஒருவர் முதல் பகுதியிலிருந்து ஒரு வரைபடம் வேண்டும் என்று கேட்டபோதுதான் எல்லா டேப்பிலும் மூன்றாவது பகுதி மட்டுமே இருப்பது தெரிந்தது. டேப்பின் நடுவில் எழுதினால் அதற்குப் பின்னால் இருப்பவை காந்த வடிவில் மிஞ்சியிருந்தாலும், புதிய எழுத்து முடிந்த இடமே தரவின் முடிவு என்று டிரைவ் எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டிப் படிக்கச் சாதாரண வழியில்லை. அன்றிலிருந்து, மீட்பதற்காக எந்த டேப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் எழுத்துத் தடுப்புத் தாழை நகர்த்திவிட்டுத்தான் டிரைவுக்குள் நுழைக்கிறேன்.

ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் ‘டம்ப்’ எழுதியதை ‘ரெஸ்டோர்’ கொண்டு மீட்பது, இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை. டம்ப் ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலும், ரெஸ்டோர் 1983இல் வந்த 4.2பிஎஸ்டியிலும் அறிமுகமானவை. டம்ப் எழுதும்போது அடைவுகளின் (ஃபோல்டர்களின்) விவரம் முழுவதையும் முன்னால் எழுதிவிட்டுத்தான் கோப்புகளை எழுதத் தொடங்குகிறது. அதனால் ரெஸ்டோரை ஊடாடும் முறையில் திறந்தால், டேப்பின் தலைப்பகுதியைப் படித்த அளவிலேயே பழைய கோப்பு முறைமை முழுவதும் கண்முன் விரிந்துவிடும். வழக்கமான ஷெல்லில் போலவே அடைவுக்குள் நுழைந்து பட்டியல் பார்க்கலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்த அலுவலர் என் மேசைக்கு வந்தார். “தம்பி, போன மாசத்து ரிஜிஸ்டர் ஃபோல்டரையே காணோம்ப்பா.” “கடைசியா எப்போ திறந்தீங்க அக்கா?” “வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சே.” அப்படியானால் வியாழன் இரவு எழுதிய டேப்பில் அது இருக்க வேண்டும். வேண்டிய அடைவை ‘ஆட்’ என்று சேர்த்ததும் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் உடுக்குறி தோன்றியது. ‘எக்ஸ்ட்ராக்ட்’ கொடுத்ததும் எத்தனையாவது டேப் என்று கேட்டது. ஒரே டேப் என்பதால் 1 என்று பதில் சொன்னேன். கோப்புகள் வந்து சேர்ந்த பிறகு, நடப்பு அடைவின் உரிமையையும் அனுமதியையும் மாற்றவா என்று கேட்டது. இந்தக் கேள்விக்கு முன்பொரு முறை யோசிக்காமல் ஆம் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது நான் நின்றிருந்தது தற்காலிகக் கோப்புகளுக்கான பொது அடைவில். அனைவரும் எழுதலாம் என்றிருந்த அந்த அடைவு, டம்ப் செய்யப்பட்ட கோப்பு முறைமையின் வேர் அடைவுக்கு இருந்த அனுமதியை வாங்கிக்கொண்டு ரூட் என்ற நிர்வாகக் கணக்கு மட்டும் எழுதும் அடைவாக மாறிப்போனது. அடுத்த அரை மணி நேரம் ஏன் ஒவ்வொரு நிரலாக விழுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது மீட்பதற்கென்றே காலியான ஓர் அடைவை உருவாக்கி அதற்குள் போய் நிற்கிறேன். அந்தக் கேள்விக்கு எப்போதும் இல்லை என்றே சொல்கிறேன். அக்காவின் கோப்புகள் பதினைந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டன.

ரெஸ்டோரில் எனக்கு உள்ள ஒரே மனத்தாங்கல் எண்ணும் முறையைப் பற்றியது. ஒரே டேப்பில் பல டம்ப்கள் இருந்தால், எத்தனையாவது வேண்டும் என்று ரெஸ்டோரிடம் சொல்லலாம். அது ஒன்றிலிருந்து எண்ணும். டேப்பை நகர்த்தும் ‘எம்டி’ நிரலோ டேப்பில் ஒரு பதிவு முடிந்ததைக் காட்டும் ஃபைல்மார்க்குகளில் எத்தனையைத் தாண்ட வேண்டும் என்று எண்ணுவதால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எம்டிக்கு மூன்று என்றால் ரெஸ்டோருக்கு நான்கு. மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒருமுறை தவறான நாளின் கோப்பை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் காட்ரிட்ஜ் உறையின்மேல் இரண்டு எண்களையும் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது.

டார் வேறு வகை. அதற்குப் பொருளடக்கம் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் தலைப்பு மட்டும் இருக்கும். 600 ஜிபி காப்பகத்திலிருந்து ஒரே ஒரு வரைபடம் வேண்டுமென்றாலும் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும். வேண்டிய கோப்பு கிடைத்த பிறகும் குனு டார் நிற்காது. அதே பெயரில் பின்னால் இன்னொரு படி இருக்கலாம் என்று கடைசிவரை தேடும். முதல் படி போதும் என்று சொல்ல ‘அக்கரன்ஸ்’ என்ற தேர்வு உண்டு. இது தெரியாமலே இரண்டு ஆண்டுகள் டேப்புக்கு முன்னால் காத்துக்கிடந்திருக்கிறேன். பாதையைத் தொடக்கச் சாய்கோட்டுடன் கொடுத்துவிட்டு, காப்பகத்தில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற பதிலை ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெறுவது இன்னொரு வகைத் தண்டனை. எழுதும்போதே அந்தச் சாய்கோட்டை டார் நீக்கிவிடுகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைத்தது தொகுதி எண், அதாவது தரவை வெட்டி எழுதும் துண்டுகளின் வரிசை எண். பட்டியல் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பும் எந்தத் தொகுதியில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு டாரிடம் சொல்லலாம். அது 512 பைட் அளவிலான தொகுதிகளில் எண்ணுகிறது. நாங்கள் டேப்பில் 256 கேபி தொகுதிகளாக எழுதுகிறோம். எனவே டார் சொல்லும் எண்ணை 512ஆல் வகுத்து, அந்தக் காப்பகம் டேப்பில் தொடங்கிய தொகுதியின் எண்ணைக் கூட்டினால் டேப்பில் போய் நிற்க வேண்டிய இடம் கிடைத்துவிடும். எம்டியின் ‘சீக்’ கட்டளையால் நேரே அங்கே போய் டாரை ஓட்டினால், இது டார் காப்பகம் போலத் தெரியவில்லை என்று ஒருமுறை முணுமுணுத்துவிட்டு, அடுத்த தலைப்பைக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கிவிடும். ஒன்றரை மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிகிறது. அதற்காக வெள்ளிதோறும் எழுதி முடித்ததும் பட்டியல் ஒன்றை எடுத்து வேறொரு கணினியில் சேமிக்கிறோம். அந்தப் பட்டியலை எடுப்பதற்கே டேப் முழுவதையும் படித்தாக வேண்டும் என்பதால், எழுதியது படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்ற சோதனையும் கூடவே நடந்துவிடுகிறது.

தொகுதி அளவு எழுதிவைக்கப்படாத டேப்கள் தனித் தலைவலி. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற ஒரு டேப்பைப் படிக்கப் போனபோது, நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று டார் பிழை காட்டியது. சர்வரில் நினைவகம் தாராளமாக இருந்தது. டேப்பில் உள்ள தொகுதி, டார் இயல்பாக எதிர்பார்க்கும் 10,240 பைட்டைவிடப் பெரிதாக இருந்ததே உண்மையான காரணம். அதை இப்படியொரு செய்தியால்தான் லினக்ஸ் தெரிவிக்கிறது. ‘டிடி’ நிரலிடம் 1 எம்பி அளவு கொடுத்து ஒரே ஒரு தொகுதியை மட்டும் வட்டில் ஒரு கோப்பாக எழுதச் சொன்னேன். வந்த கோப்பின் அளவு 65,536 பைட். விடை அதுதான், டாரிடம் 128 என்ற பெருக்கு எண்ணைக் கொடுத்ததும் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின.

2016இல் வரைபடச் சர்வரில் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்திருந்த ரெய்டு தொகுப்பு முழுவதுமாக விழுந்தது. அதுவரை ஒன்றிரண்டு கோப்புகளை மட்டுமே மீட்டுப் பழகியிருந்த எனக்கு அது வேறு உலகம். யுஎஸ்பியிலிருந்து ஏற்றிய மீட்புக் கணினியில் எங்கள் பயனர்களின் பெயர்கள் இல்லை. ஆனால் எங்கள் சர்வரில் இருந்த சில கணினிக் கணக்குகளின் பெயர்கள் அங்கேயும் வேறு எண்களில் இருந்தன. ரூட்டாக ஓடும்போது டார் முதலில் பெயரைப் பார்த்தே உரிமையை அமைப்பதால், பெயர் ஒத்துப்போன சில கணக்குகளின் கோப்புகள் தவறான எண்ணுக்குச் சொந்தமாகிவிட்டன. எண்ணை மட்டும் பார் என்று சொல்லும் தேர்வுடன் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. வேகமும் கணக்குப்படி வரவில்லை. லட்சக்கணக்கான சிறு கோப்புகளை வட்டு மெதுவாக எழுத, டேப் காத்திருக்க, டிரைவ் நின்று பின்னால் சுற்றி மறுபடியும் முன்னேறும் அந்த இழுபறி ஓசை அறை முழுவதும் கேட்டது. பிறகு ‘எம்பஃபர்’ நிரலை இடையில் வைத்து 2 ஜிபி இடைக்கிடங்கு கொடுத்த பின் ஓசை அடங்கியது. இருந்தாலும் எல்லாம் முடிய ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது.

மாறியவற்றை மட்டும் எழுதும் டார் பேக்கப்பை அந்த முழு மீட்பின்போதுதான் முதல்முறையாக வரிசைப்படி ஏற்றினேன். அந்த முறையில், பேக்கப் எடுத்த நாளில் அடைவில் இல்லாத கோப்புகளை மீட்கும்போது டார் அழித்துவிடும். முழு மீட்புக்கு அதுவே சரி. ஓடிக்கொண்டிருக்கும் அடைவின்மேல் அப்படி மீட்டால் இன்று காலை உருவாக்கிய கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

அலுவலகத்தில் சிலர், இடத்தை மிச்சப்படுத்த டார் காப்பகத்தை ஜிஸிப்பில் சுருக்கி எழுதலாமே என்று கேட்டதுண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுருக்காத காப்பகத்தின் நடுவில் ஒரு தொகுதி கெட்டால் அடுத்த தலைப்பிலிருந்து தொடரலாம். ஜிஸிப் ஓடையில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளவற்றை மீட்பது குதிரைக்கொம்பு. சுருக்கும் வேலையை டிரைவே செய்துகொள்ளட்டும்.

டேப் பழங்காலத்துச் சாமான் என்ற பேச்சும் அவ்வப்போது எழும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, பல மையங்களில் வைத்திருந்த நகல்களையும் அந்தப் பிழை தொட்டுவிட்டதால், கூகுள் அவற்றை டேப்பிலிருந்தே மீட்டது. அலமாரியில் கிடக்கும் காட்ரிட்ஜை எந்தப் பிழையும் எட்டித் தொட முடியாது. நான் டேப்பை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

டேப்பின் உண்மையான பலவீனம் டிரைவின் ஆயுள். காட்ரிட்ஜ்கள் நன்றாகவே இருந்தன. 2019இல் டிரைவ் செத்தது. எல்டிஓ-7 வரை ஒவ்வொரு டிரைவும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும். ஆகவே எங்கள் எல்டிஓ-4 டேப்களைப் படிக்கக்கூடிய கடைசித் தலைமுறை எல்டிஓ-6. பயன்படுத்திய எல்டிஓ-6 டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினோம். அதில் எல்டிஓ-4 டேப்பில் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். எங்களுக்குத் தேவையும் அதுதான்.

அன்றிலிருந்து பழைய டேப்களை ஒவ்வொன்றாகப் படித்து எல்டிஓ-6 காட்ரிட்ஜ்களுக்கு மாற்றி வருகிறேன். இன்றைய நிலையில் பதினொரு டேப்கள் மீதியுள்ளன. 2013ஆம் ஆண்டு டேப் ஒன்று மட்டும் மூன்றாவது ஃபைல்மார்க்கைத் தாண்டியதும் மீடியம் பிழை என்று கர்னல் லாக்கில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. துப்புரவு காட்ரிட்ஜை ஓட்டிவிட்டு மறுபடியும் முயன்றேன். அதே இடத்தில் நின்றது. ஒரு டிரைவின் தலை படிக்காததை இன்னொரு டிரைவின் தலை படித்துவிடுவதைப் பார்த்திருப்பதால், அதைத் தூக்கி எறியாமல் உறையில் சிவப்பு மையால் 3 / 4 என்று இரண்டு எண்களையும் எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் எல்டிஓ-5 டிரைவ் ஒன்று இன்னும் ஓடுகிறதாம். அடுத்த மாதம் டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.